வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீர்: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு எந்த வடிகால் சரி?

சுவரில் விரிசல் விழுந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் எழும் பேச்சு, "அஸ்திவாரம் எறங்கிடுச்சு" என்பதுதான். மறுநாளே ஒருவர், ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்களின் போன் நம்பரைக் கொடுப்பார். இன்னொருவர் கெமிக்கல் பூச்சு அடித்தால் போதும் என்பார். மூன்றாமவர் வீட்டைச் சுற்றி சிமெண்ட் தளம் போடச் சொல்வார். மூன்றும் நடப்பில் உள்ள வேலைகள்தான். ஏதோ ஒரு வீட்டுக்கு ஒவ்வொன்றும் சரியாகவே இருந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு எது என்பதை முடிவு செய்ய வேண்டுமானால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மேலே மொட்டை மாடியிலிருந்தா, பக்கத்தில் தெருவிலிருந்தா, கீழே மண்ணிலிருந்தா? இது தெரியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண். சில வீடுகளில் அந்தச் செலவே சேதத்தைக் கூட்டியிருக்கிறது.

கட்டட வேலை பார்க்கிறவன் என்ற முறையில் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து வீடுகளை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் மண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

மண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் தெருவுக்குத் தெரு மாறும். சத்துவாச்சாரி, காகிதப்பட்டறை போன்ற மலையடிவாரங்களில் கொஞ்சம் தோண்டினாலே மொரம்பும் (சரளை மண்) சிதைந்த பாறையும் வரும். பாலாற்றை ஒட்டிய இடங்களில் மணலும் வண்டலும். ஏரிக்குக் கீழே நஞ்சையாக இருந்து இப்போது மனைகளாகிவிட்ட நிலங்களில் களி கலந்த மண். மற்ற இடங்களில் பெரும்பாலும் செம்மண்.

களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நஞ்சை வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுகிறதே, அதே மண்தான் அந்த மனைகளில் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. ஆகவே கோடையில் சுருங்கிய மண், ஆடி ஆவணியில் ஊறத் தொடங்கி, ஐப்பசி கார்த்திகையில் முழுக்க உப்பி நிற்கும். மணல் அப்படி உப்பாது. ஆனால் நிலத்தடி நீர் அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை ஏறிவிட்டால் அதன் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஓடும் தண்ணீர் பொடிமணலை அரித்துக்கொண்டும் போகும். மொரம்பு கெட்டியானது, அங்கே தொல்லை பாறை மேல் வழிந்து வரும் ஊற்றுத் தண்ணீரால். செம்மண் இயல்பில் நல்ல மண். ஆனால் பள்ளத்தை நிரவுவதற்காக லாரியில் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்து இறுக்காமல் விட்ட செம்மண், முதல் பெருமழையிலேயே அமுங்கிவிடும்.

வீடு முழுவதும் ஒரே சீராக நனைந்து ஒரே சீராக அமுங்கினால் சுவரில் பெரிதாக எதுவும் தெரியாது. ஒரு மூலை மட்டும் ஊறி, மற்ற மூன்று மூலைகள் காய்ந்து கிடந்தால்தான் வம்பு. ஊறிய மூலை தனியாக அசையும். சுவர் அதோடு சேர்ந்து வளைய முடியாமல், ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிகளைப் படிப்படியாகத் தாண்டிச் சாய்வாகப் பிளக்கும். படிக்கட்டு மாதிரி இறங்கும் இந்த விரிசலைப் பார்த்தால், அது இறங்கிப் போய்ச் சேரும் மூலைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று உடனே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு மழைநீர்க் குழாயோ, குளியலறைச் சேம்பரோ, கழுவுகிற கல்லோ இருக்கும்.

காட்பாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் இதை அப்படியே பார்த்தோம். பின்பக்கத்து மூலையில் மாடியிலிருந்து வரும் 4 இன்ச் பிவிசி குழாய், தரைக்கு ஒரு அடி மேலேயே நின்றுவிட்டது. கீழே தண்ணீர் விழுந்து விழுந்து ஒரு குழி. குழியைச் சுற்றி பேஸ்மட்டச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்து, பூச்சு பொரிந்து, உள்ளிருந்து செங்கல் தெரிந்தது. குழிக்கு அடியில் கடைக்காலின் (அஸ்திவாரத்தின்) கருங்கல் விளிம்பு வெளியே வந்திருந்தது. அதற்கு நேர் மேலே, சமையலறை ஜன்னலின் அடிமூலையிலிருந்து விரிசல்.

"கெமிக்கல் ஊசி போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் எஸ்டிமேட் குடுத்துட்டுப் போயிருக்கார், மேஸ்திரி" என்றார் அவர்.

மேஸ்திரி குனிந்து குழிக்குள் கைவிட்டுப் பார்த்தார். "ஊசி அப்பறம் போட்டுக்கலாம் டீச்சர். மொதல்ல இந்தத் தண்ணிக்கு ஒரு வழி உடுங்க. மெத்தைத் தண்ணி பாதி இந்த ஒரு மூலையிலதான் எறங்குது."

மாடித் தண்ணீர்: மூன்று வழிகள்

மெத்தை என்று மேஸ்திரி சொன்னது மொட்டை மாடியை. அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1,200 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 11,000 லிட்டருக்கும் மேல். ஒரு பெரிய தண்ணீர் லாரியின் அளவு அது. இரண்டு குழாய் இருந்தால் ஆளுக்குப் பாதி என்று வைத்தாலும், ஒரு மூலையில் 5,500 லிட்டர். அதே நாளில் வீட்டுப் பக்கத்துச் சந்தின் தரையில் நேரடியாக விழுவது இதில் சிறு பங்குதான். அதனால் எந்த மண்ணானாலும், எந்த ஊரானாலும், முதல் ரூபாயை மாடித் தண்ணீருக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற முறைகளை ஒப்பிடுவதெல்லாம் இதற்குப் பிறகு.

குழாயை அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒரு கடப்பாக் கல்லைப் போடுவது பலர் செய்வது. குழி விழாது, ஆனால் தண்ணீர் அங்கேயேதான் மண்ணுக்குள் போகும். இதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை.

இரண்டாவது, குழாயைத் தரைக்கு அடியில் மூடிய பைப்பாகவே நீட்டி தெருவோரக் கால்வாயில் சேர்ப்பது. பைப்பில் ஓட்டை கூடாது, ஜாயிண்ட் கசியக் கூடாது, திரும்பும் இடத்தில் எல்லாம் ஒரு சிறு சேம்பர் வேண்டும். 100 அடிக்கு ஒரு அடியாவது வாட்டம் வேண்டும். ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் ஓரிரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. அஸ்திவாரத்துக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது. குறை என்னவென்றால், தெருக் கால்வாய் உங்கள் பைப்பைவிட மேடாக இருந்தால் தண்ணீர் எதிர்த்து வரும். பைப்பைப் பதிக்கும் முன், மேஸ்திரியிடம் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் வைத்து இரண்டு மட்டங்களையும் அளக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து "எறங்கும் சார்" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

மூன்றாவது, மழைநீர் சேகரிப்பு. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். பாலாறு வறண்டு கிடக்கும் காலத்தில் போர்வெல்லை நம்பி வாழும் நமக்கு இது வெறும் விதி இல்லை, தேவை. ஆனால் சேகரிப்புக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டுவது, மேலே சொன்ன குழியை நாமே வெட்டி வைப்பதற்குச் சமம். முப்பதுக்கு நாற்பது மனையில் பக்கத்துக்கு 3 அடி விட்டுக் கட்டிய வீட்டில், பலர் அந்த 3 அடிச் சந்திலேயே குழியைப் போட்டிருக்கிறார்கள். அங்கே வேண்டாம். வாசல் பக்கம், கேட்டை ஒட்டி, தூண்களிலிருந்து 10 அடியாவது தள்ளி இடம் பாருங்கள். மண் உறிஞ்சுகிறதா என்பதையும் முன்னாலேயே சோதிக்க வேண்டும். 3 அடி ஆழம் தோண்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு தடவை வற்ற விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணற்பாங்கில் சீக்கிரமே வற்றிவிடும். களியில் மறுநாள் காலையிலும் நிற்கும். நிற்கிற மண்ணில் குழியோ உறைகிணறோ போட்டுப் பயனில்லை. அங்கே கால்வாய்க்கே அனுப்பலாம், அல்லது தொட்டியில் பிடித்துப் புழங்கலாம். வீட்டில் வறண்ட பழைய கிணறு ஒன்று இருந்தால் உங்களுக்கு யோகம். ஜல்லி, மணல் வடிகட்டி ஒன்று வைத்து மாடித் தண்ணீரை அதில் விடுவதுதான் மூன்று வழிகளிலும் ஆகச் சிறந்தது. ஆனால் கிணறு சுவருக்கு ஒட்டியிருந்தால் யோசிக்க வேண்டும். பழைய கிணற்றின் கட்டு இளகி, அதுவே வீட்டு மூலையை இழுத்துக்கொள்ளும்.

தரையில் ஓடும் தண்ணீர்: வாட்டமா, சுற்றுத் தளமா, கால்வாயா?

மூன்றில் மலிவானது மண் வாட்டம். சுவரை ஒட்டி மண்ணை மேடாக்கி, திமிசு போட்டு, வெளிப்பக்கம் சரியும்படி நிரவுவது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில் சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலம் இறங்க வேண்டும் என்று இருக்கிறது. நம் மனைகளில் 10 அடிக்கு எங்கே போவது? அதே கணக்கில் 3 அடிச் சந்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம் இறக்கம் வரும். அது போதும். ஆற்று மணலையோ எம் சாண்டையோ கொட்டி வாட்டம் செய்யாதீர்கள். தண்ணீர் அதன் வழியாக நேரே கடைக்காலுக்குப் போகும். தண்ணீரை எளிதில் உள்ளே விடாத செம்மண்தான் இதற்கு ஏற்றது. மண்ணை உயர்த்தும் ஆசையில் டிபிசி மட்டத்தை (ஓதம், அதாவது தரையின் ஈரம், சுவரில் ஏறாமல் இருக்க அடிச்சுவரில் போடும் தடுப்பை) மூடிவிடவும் கூடாது. டிபிசிக்குக் கீழே அரை அடியாவது சுவர் வெளியே தெரிய வேண்டும். அதை மூடிவிட்டால் ஓதம் அந்தத் தடுப்பைத் தாண்டி ஏறி, ஹாலின் சுவரில் உப்புப் பூக்கும்.

வாட்டத்தின் பலவீனம், அது நிலைக்காது. கோழி கிளறும், செடி வைப்போம், கேபிள்காரர் தோண்டுவார். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன், பார்த்துச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். தோட்டம் விட்ட பெரிய மனைக்கு, பாகாயம், விருதம்பட்டுப் பக்கத்தில் இன்னும் இருக்கிற பழைய வீடுகளைப் போன்றவற்றுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். குறுகிய சந்து வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

அங்கே சுற்றுத் தளம்தான், அதாவது சுவரை ஒட்டி வீட்டைச் சுற்றிப் போடும் சிமெண்ட் தளம்தான் சரி. அரசுக் கட்டடங்களில் வழக்கமாக 75 செ.மீ. முதல் 1 மீட்டர் அகலத்தில் போடுவார்கள். ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்பது கொத்தனார்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்திருந்தும் தட்டையாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதால், தளம் இறுகியதும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்த்துவிடுங்கள். அடியில் மண்ணைத் திமிசு போட்டு, ஒன்றரை அங்குல ஜல்லிக் கான்கிரீட் போட்டு, மேலே சிமெண்ட் தேய்க்க வேண்டும். வெறும் மண் மேல் ஒரு அங்குலச் சிமெண்ட் பூசினால் ஒரு கோடைக்குத் தாங்காது.

சுற்றுத் தளத்தில் எல்லோரும் கோட்டை விடும் இடம், தளமும் சுவரும் சேரும் கோடு. தளத்தைச் சுவரோடு சேர்த்து ஒரே வார்ப்பாகப் போட்டுவிடுவார்கள். அடிமண் கொஞ்சம் அமுங்கியதும் தளம் இறங்கும், சுவர் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பென்சில் பருமனுக்கு இடைவெளி விழும். சுவரில் அடிக்கும் சாரல் அத்தனையும் வழிந்து வந்து அந்த இடுக்கில்தான் போகும். அங்கே போன தண்ணீர் மேலே தளம் மூடியிருப்பதால் காயவும் காயாது. தளம் போட்ட பிறகுதான் ஓதம் அதிகமானது என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆகவே போடும்போதே சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதைத் தார் ஊற்றியோ, வளைந்து கொடுக்கும் சீலன்ட் வைத்தோ அடைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

களிமண் மனையில் சுற்றுத் தளத்துக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. அது மழையைத் தடுப்பது மட்டுமில்லை, கோடையில் சுவரோரத்து மண் காய்ந்து சுருங்குவதையும் குறைக்கிறது. ஏரிக்குக் கீழ்ப்பட்ட மனைகளில் இடமிருந்தால் 5, 6 அடி அகலத்துக்குக்கூடப் போடலாம். அதே காரணத்துக்காக, அந்த மண்ணில் சுவரை ஒட்டி வேப்பமரமும் அரசும் வேண்டாம். கோடையில் வேர் மண்ணின் ஈரத்தை ஒரு பக்கம் மட்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

திறந்த கால்வாய் மூன்றாவது. சுற்றுத் தளத்தின் வெளி ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வாய்க்கால். தனியாகப் போடுவதைவிடத் தளத்தோடு சேர்த்துப் போடும்போதுதான் இதற்கு மதிப்பு. பக்கத்து மனை மேடாக இருந்து அங்கிருந்து தண்ணீர் வந்தால், இதைத் தவிர வேறு வழியே இல்லை. மூடிய பைப்பைவிடத் திறந்த கால்வாயையே நான் விரும்புவேன். அடைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தள்ளிவிடலாம். கொசுத் தொல்லை வாட்டம் தப்பினால்தான் வரும்.

ஆனால் எந்தக் கால்வாயும் அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு ஊருக்கு நடுவிலேயே சான்று இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் கோட்டை அகழி நிரம்பியது. போக வழியில்லாத தண்ணீர் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வந்து தேங்கியது. கோட்டையைக் கட்டியவர்கள் குறை வைத்தவர்கள் இல்லை. 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கட்டுமானம் இன்னும் அசையாமல் நிற்கிறது. வெளியேறும் வாய் அடைபட்டால் கோட்டைக்கே அதுதான் கதி. உங்கள் வீட்டுக் கால்வாயைத் தோண்டும் முன் தெருக் கால்வாயில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிலும் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

கீழிருந்து ஊறும் தண்ணீர்: ஜல்லிக் கால்வாய் எங்கே உதவும்?

இணையத்தில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஜல்லிக் கால்வாயைத்தான். பள்ளம் தோண்டி, மண்ணை வடிகட்டும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, ஓட்டை போட்ட 4 இன்ச் பைப்பை வைத்து, சுற்றி முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடுவது. வயல்களில் தண்ணீர் வடிக்கப் பிறந்த முறை. மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீர் ஜல்லியில் இறங்கி, பைப்பில் சேர்ந்து வெளியே போகும்.

சத்துவாச்சாரி மலையடிவாரம் மாதிரி, மழை நின்று நான்கைந்து நாள் கழித்தும் மேட்டுப் பக்கத்திலிருந்து ஊற்று வந்துகொண்டே இருக்கும் வீடுகளுக்கு இது அருமையான தீர்வு. வீட்டின் மேட்டுப் பக்கத்தில், சுவரிலிருந்து தள்ளி, குறுக்கே ஒரு ஜல்லிக் கால்வாய் வெட்டினால் ஊற்று வீட்டை அடையும் முன்பே திரும்பிவிடும். சரிவான மனை என்பதால் வெளியேற்றவும் இடம் இருக்கும்.

சமதரையில், காந்தி நகர் மாதிரி வரிசை வரிசையாக வீடுகள் இருக்கிற இடத்தில், இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. 2 அடி ஆழத்தில் கிடக்கும் பைப்பின் தண்ணீரை வெளியேற்ற, அதைவிடத் தாழ்வான இடம் அங்கே எங்கே இருக்கிறது? தெருக் கால்வாய் பெரும்பாலும் அதைவிட மேலேதான் இருக்கும். வெளியேற வழியில்லாத ஜல்லிக் கால்வாய், மழைத் தண்ணீரைப் பிடித்து அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே தேக்கி வைக்கும் தொட்டியாகிவிடும். மோட்டார் வைத்து இறைக்கலாம். ஆனால் பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வருகிற ஊரில் அதை நம்பி ஒரு வீட்டை ஒப்படைக்க முடியாது.

ஆழமும் கவனம். கடைக்காலின் அடிமட்டத்தைவிட ஆழமாக, சுவரை ஒட்டிப் பள்ளம் எடுத்தால் அஸ்திவாரத்தைத் தாங்கும் மண்ணே பள்ளத்துக்குள் சரியும். அஸ்திவாரத்தின் வெளி விளிம்பிலிருந்து 45 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு கோடு போட்டால், பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. இன்னொன்று, மாடிக் குழாயை இந்த ஓட்டைப் பைப்பில் இணைத்துவிடுகிறார்கள். வெளியே கொண்டுபோக வேண்டிய 5,500 லிட்டரை ஓட்டை வழியாக மண்ணுக்கே ஊட்டும் வேலை அது. மாடித் தண்ணீருக்கு மூடிய பைப், மண் தண்ணீருக்கு ஓட்டைப் பைப். இரண்டும் சேரவே கூடாது.

கோடையிலும் ஒரு சுவர் ஈரமாகவே இருந்தால், அது மழைத் தண்ணீரும் இல்லை, ஊற்றும் இல்லை. சம்ப்பை, அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை, சந்தேகப்படுங்கள். இரவில் நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, வால்வை மூடிவிட்டுக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் கசிவு. சம்ப் நன்றாக இருந்தால் குளியலறைச் சேம்பர், அப்புறம் செப்டிக் டேங்க். அஸ்திவாரக் கோளாறு என்று சொல்லப்பட்டவற்றில் எத்தனையோ, கடைசியில் உடைந்த ஒரு பைப்பாக முடிந்திருக்கின்றன.

சாலை உயர்ந்துவிட்டால்

தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் நாளில் அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். சாலை போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஏற்கனவே உயர்ந்துவிட்டதென்றால் மூன்று தேர்வுகள். முற்றத்தை மண் கொட்டிச் சாலை மட்டத்துக்கு உயர்த்துவது முதலாவது. எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு இதுதான் மோசமானது. டிபிசி புதைந்துபோகும், தண்ணீர் சுவரை ஒட்டி நிற்கும், ஓதம் ஜன்னல் வரை ஏறும். அதற்குப் பதில் முற்றத்தைத் தாழ்வாகவே விட்டு, கேட்டில் ஒரு மேடு கட்டித் தெருத் தண்ணீரைத் தடுத்து, உள்ளே விழும் மழையை மட்டும் ஒரு சிறு குழியில் சேர்த்து மோட்டாரில் வெளியேற்றலாம். அங்கே சேர்வது முற்றத்தின் தண்ணீர் மட்டுமே, மாடித் தண்ணீரை உயரத்திலேயே தெருவுக்குத் திருப்பிவிட முடியும் என்பதால், சின்ன மோட்டாரே போதும். கரண்ட் போனாலும் பக்கெட்டில் இறைத்துவிடலாம்.

இரண்டாவது, வீட்டுக்குள் தரையை உயர்த்துவது. கதவு நிலையை மாற்ற வேண்டும், கூரை தாழும், மின்விசிறி தலைக்கு எட்டும். உயரமான கூரை உள்ள பழைய வீட்டுக்கு மட்டும்.

மூன்றாவது, ஜாக்கி. தரையை உடைத்து, சுவருக்கு அடியில் துளைத்து, இரும்புச் சேனல் கொடுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உயர்த்துவார்கள். முறை தெரிந்தவர்கள் செய்தால் நடக்கிற காரியம்தான். தண்ணீர் உண்மையிலேயே வீட்டுக்குள் புகுகிறது, வீடு திடமாக இருக்கிறது, இடித்துக் கட்ட மனமும் பணமும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். தூக்கும் கூலியோடு தரை, டைல்ஸ், குழாய், செப்டிக் இணைப்பு எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஆனால் விரிசலுக்கு வைத்தியமாக ஜாக்கி வைக்கவே கூடாது. உயர்த்திய வீடும் அதே மண்ணின் மேல்தான் நிற்கப் போகிறது. மாடிக் குழாய் அதே மூலையில் கொட்டினால் அதே மூலை மறுபடி இறங்கும்.

கெமிக்கல் ஊசிக்கும் பூச்சுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை வெளியே திருப்பிய பிறகு, மிச்சமிருக்கும் ஓதத்துக்கு அவை உதவும். அதற்கு முன் செய்தால், ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே இருந்துகொண்டு வேறு இடத்தில் வெளிவரும்.

எதை எப்போது

கையில் காசு குறைவாக இருந்தால் மாடிக் குழாயை மட்டும் முடியுங்கள். அடுத்த மழைக்காலம் வரை வேறெதையும் தொடாதீர்கள். அந்த மழையில் ஒரு குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை எந்த இன்ஜினியரும் வெயில் நாளில் வந்து அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. மழை விட்டு இரண்டு நாள் கழித்து மூலையில் ஒரு அடிக் குழி எடுங்கள். குழியில் தண்ணீர் ஊறினால் கீழிருந்து வருகிறது என்று பொருள். ஊறவில்லையென்றால் சுற்றுத் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மண் வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் தை முதல் பங்குனி வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் போட்டால் நீராற்றுவது கடினம், ஐப்பசியில் பள்ளம் தோண்டினால் பள்ளமே குளமாகும்.

காத்திருக்கக் கூடாத வீடுகளும் உண்டு. 2021 நவம்பரில், தொடர்மழைக்கு நடுவே, பேரணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, மழை நாளில் விரிசல் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரிய வளர்ந்தாலோ, கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகினாலோ, எந்த வடிகால் என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதுவல்ல. பிள்ளைகளை, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அன்றிரவே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். சுவரை ஒட்டித் தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். அதன் பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைக்கலாம்.

மயிரிழை விரிசல் மட்டும் உள்ள வீட்டில், அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியை எழுதி வையுங்கள். அகலத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். வடிகால் வேலை முடிந்து ஒரு கோடையும் ஒரு கார்த்திகையும் தாண்டிய பிறகு, விரிசல் கோட்டைத் தாண்டாமல் அதே அகலத்தில் இருந்தால், கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்து வெள்ளையடித்துக்கொள்ளலாம். தாண்டியிருந்தால் அடைக்காதீர்கள், அது எந்த மூலையை நோக்கிப் போகிறது என்று பார்த்து, அந்த மூலையில் மறுபடி மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.